லேசான பெட்டியைத்தான் உயரத்திலிருந்து போடுவார்கள்

இரண்டு வருஷத்துக்கு முன், ஜூன் மாதம், சந்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் எட்டு கிலோ செந்தூரா மாங்காய் வாங்கினேன். முற்றின காய், இன்னும் பழுக்கவில்லை. அட்டைப்பெட்டியில் அடுக்கி, இடுக்கில் எல்லாம் வைக்கோல் திணித்து, கிருஷ்ணகிரியிலிருந்து சென்னையில் இருக்கும் அக்காவுக்குப் பார்சல் போட்டேன். மறுநாளே போய்ச் சேர்ந்தது. பெட்டியில் ஒரு கிழிசல் இல்லை, முனை நசுங்கவில்லை. "கடையிலேருந்து எடுத்த மாதிரி வந்திருக்குடா" என்று அக்கா போன் செய்தாள். நாலு நாள் கழித்து மறுபடியும் போன். பழுத்ததை அறுத்தால் பாதிக்கு மேல் உள்ளே கறுத்துக் கூழாகக் கிடக்கிறதாம். தோலில் ஒன்றுமே தெரியவில்லையாம்.

பெட்டிக்கு ஒன்றும் ஆகாமல் பழத்துக்கு மட்டும் எப்படி அடிபட்டது? ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டேன். "பெட்டி கொஞ்சம் நசுங்கியிருந்தா பழம் தப்பிச்சிருக்கும்" என்றார். கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று புரிய எனக்கு ஒரு மாம்பழ சீசன் முழுக்க ஆனது.

அவருடைய கம்பெனியில் 'டிராப் டெஸ்ட்' என்று ஒன்று செய்கிறார்கள். சரக்கை நிரப்பி, டேப் ஒட்டி, லாரியில் ஏற்றத் தயாரான பெட்டியை எடுத்து, குறித்த உயரத்திலிருந்து சிமென்ட் தரையிலோ இரும்புத் தகட்டிலோ வேண்டுமென்றே விழ வைப்பது. கையால் போட்டால் ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். அதனால் அதற்கென்று ஒரு இயந்திரம் இருக்கிறது. பெட்டியைத் தாங்கி நிற்கும் தட்டு, பெட்டி விழுவதைவிட வேகமாகக் கீழே விலகிவிடும். ஒரு கணம் பெட்டி எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் சத்தம்.

எந்த உயரத்திலிருந்து போடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதில் உலகமெங்கும் புழங்கும் முறைகளில் ஒன்று இஸ்டா என்ற சங்கம் வகுத்தது. அதன் 1ஏ என்ற எளிய சோதனையில், ஒன்பதரைக் கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 சென்டிமீட்டரிலிருந்து போட வேண்டும். பத்தொன்பது கிலோ வரை என்றால் 61. அதற்கு மேல் இருபத்தெட்டு கிலோ வரை 46. நாற்பத்தைந்து கிலோ வரை 31. அதையும் தாண்டி அறுபத்தெட்டு கிலோ வரை உள்ள பெட்டியை வெறும் 20 சென்டிமீட்டர், ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டால் போதும்.

முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். கனமான பெட்டிக்கு அல்லவா கடுமையான சோதனை வேண்டும்? ஆனால் இந்த அட்டவணை மனிதனின் முதுகைப் பார்த்து எழுதியது. ஐந்து கிலோ பெட்டி என்றால் ஒற்றைக் கையில் எடுத்து, லாரி மேலே நிற்பவனுக்கு வீசுவோம். பதினைந்து கிலோ என்றால் இரண்டு கையாலும் அணைத்து இடுப்போடு வைத்துக்கொண்டு நடப்போம், நழுவினால் இடுப்பிலிருந்து நழுவும். ஐம்பது கிலோவை இரண்டு பேர் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி நகர்த்துவார்கள். யார் கையில் நழுவினாலும் அது விழும் தூரம் ஒரு சாண்தான். கிருஷ்ணகிரியில் எந்த லாரி புக்கிங் ஆபீஸ் வாசலிலும் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், அட்டவணை கண் முன்னால் நடக்கும். சிமென்ட் மூட்டையை இறக்குகிறவர்கள் அதைக் குழந்தையைப் போல இறக்குவார்கள், பிஸ்கட் பெட்டி பறந்து வரும். லோடுமேன்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிற உடம்பு, மிச்சம் பிடிக்க முடிகிற இடத்தில் மிச்சம் பிடிக்கும்.

என்னுடைய எட்டு கிலோ மாங்காய்ப் பெட்டி சரியாக அந்தப் பறக்கும் வகையைச் சேர்ந்தது. 76 சென்டிமீட்டர் என்பது ஒரு சராசரி ஆளின் தொடைக்கு மேலே, இடுப்புக்குச் சற்றுக் கீழே. அங்கிருந்து விழ 0.4 நொடிகூட ஆவதில்லை. தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். சைக்கிளை நிதானமாக மிதிக்கிற வேகம். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். அந்த வேகத்தில் சைக்கிளோடு நேராகச் சுவரில் மோதினவருக்குத் தெரியும்.

மோதலில் வலிப்பது வேகம் இல்லை, நிற்கிற தூரம். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடக் கணக்குதான். 76 சென்டிமீட்டர் விழுந்த பொருள் எத்தனை தூரத்துக்குள் நிற்கிறதோ, அந்தத் தூரத்தால் 76-ஐ வகுத்தால், நிற்கும்போது அதன் மேல் விழும் பாரம் அதன் எடையைப் போல ஏறக்குறைய எத்தனை மடங்கு என்று வந்துவிடும். பெட்டியின் அடியில் வெறும் அட்டை, அட்டையும் தோலும் சதையும் சேர்ந்து நாலு மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று வையுங்கள். 760-ஐ நாலால் வகுத்தால் 190. கால் கிலோ மாங்காய் அந்தக் கணத்தில் 47 கிலோவுக்கு மேல் எடையுள்ளதுபோலத் தன் அடிப்பக்கத்தில் அழுந்துகிறது. ஒரு பள்ளிக்கூடப் பையன் மாங்காய் மேல் ஏறி நிற்பது மாதிரி. இதே மாங்காய்க்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் அமுங்கக்கூடிய மெத்தை இருந்தால் 190 என்பது 38 ஆகிவிடும், 47 கிலோ ஒன்பதரைக் கிலோ ஆகும். இது சராசரிக் கணக்கு. உச்சத்தில் பாரம் இன்னும் கூடும். ஆனால் விஷயம் விளங்கும்.

நண்பர் சொன்ன 'பெட்டி நசுங்கியிருந்தா' இப்போது புரிகிறதா? நசுங்குவது என்றால் தூரம் கொடுப்பது. பெட்டி ஒரு முனையில் விழுந்தால் அந்த முனை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே மடங்கும், உள்ளே இருப்பது மெதுவாக நிற்கும். தட்டையாக, அடிப்பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட விழுந்தால், அட்டை எங்கும் மடங்காது. பார்க்க அழகாக இருக்கும். அடி முழுவதும் பழத்துக்குப் போயிருக்கும். என் பெட்டி தட்டையாக விழுந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு தடவை போட்டுவிட்டு 'பாஸ்' சொல்ல முடியாது. இஸ்டா முறையில் பத்துத் தடவை. முதலில் ஒரு முனை, பிறகு அந்த முனையிலிருந்து கிளம்பும் மூன்று விளிம்புகள், சின்னதில் தொடங்கிப் பெரியது வரை. கடைசியாக ஆறு பக்கங்களும். பெட்டியின் பக்கங்களுக்கு எண் கொடுத்துவிடுவார்கள்: மேல் 1, வலது 2, அடி 3, இடது 4, நமக்கு எதிரே இருப்பது 5, பின்னால் 6. வழக்கமாக முதல் அடி வாங்குவது 2, 3, 5 சேரும் முனை. காரணம், பெட்டியின் ஒட்டு அங்கேதான் இருக்கும். அட்டையை மடித்துப் பின் அடித்தோ பசை போட்டோ இணைத்த இடம் அது. எந்தப் பெட்டியும் முதலில் வாயைப் பிளப்பது அங்கே. வரிசையிலும் ஒரு தந்திரம் உண்டு. முனையிலும் விளிம்பிலும் நாலு அடி வாங்கி அட்டை தளர்ந்த பிறகுதான் தட்டையான ஆறு அடியும் விழுகின்றன. புதுப் பெட்டி தாங்குவது பெரிதில்லை, அடிபட்ட பெட்டி தாங்குகிறதா என்பதே கேள்வி.

மெத்தை என்றால் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நாம் நினைப்போம். கிடையாது. மெத்தைப் பொருள் அதிகம் இளகினால், பொருள் அதைத் துளைத்துக்கொண்டு போய்த் தரையைத் தொட்டுவிடும். பழைய பஞ்சுத் தலையணை மேல் உட்கார்ந்தால் பலகை உறுத்துவது மாதிரி. விறைப்பாக இருந்தால் அமுங்கவே அமுங்காது, தலையணை பலகையாகவே ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்வது, பொருளின் எடை எத்தனை சதுர சென்டிமீட்டர் மெத்தையில் பரவி உட்காருகிறது என்பது. லேசான பொருளுக்கு அடி முழுவதும் ஃபோம் விரிப்பது வீண். அந்த ஃபோமைச் சிறு கட்டைகளாக வெட்டி நாலு மூலையில் மட்டும் வைத்தால் அது ஒழுங்காக அமுங்கி வேலை செய்யும். காசும் மிச்சம். இதைக் கேட்டால் பேக்கிங் சாமான் விற்கிறவர்களுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்காது.

வைக்கோலின் கதை இன்னும் மோசம். முதல் அடிக்கு அது நன்றாக அமுங்கும். ஆனால் திரும்பி எழாது. இரண்டாவது அடி விழும்போது அங்கே மெத்தை இல்லை, வெறும் சக்கைதான். தெர்மாகோலும் ஓரளவு அப்படித்தான், ஒருமுறை குழி விழுந்தால் விழுந்ததுதான். பத்து அடி வாங்கப்போகிற பெட்டிக்கு எழுந்து நிற்கிற பொருள் வேண்டும்.

இந்தக் கணக்கை எல்லாம் முதலில் ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கப் பொறியாளர் ரேமண்ட் மிண்ட்லின். 1945-ல் பெல் தொலைபேசி நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் மெத்தைப் பேக்கிங் பற்றி நீளமான கட்டுரை ஒன்று எழுதினார். அந்தக் காலத்து ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வால்வுகளை உடையாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சேர்ப்பது பெரிய தலைவலி. மூன்று வருஷம் கழித்து, 1948-ல், எனாமல் பூசிய வீட்டுச் சாமான்கள் செய்தவர்கள் ஒன்றுகூடி ஆரம்பித்ததுதான் பின்னால் இஸ்டா ஆனது. எனாமலில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் அடுப்பை வாங்க ஆள் இல்லை. பெட்டி செய்கிற நெளிவு அட்டையின் கதை இதைவிட வேடிக்கை. 1856-ல் இங்கிலாந்தில் அதற்கு உரிமை வாங்கியது உயரமான தொப்பிகளுக்குள் வைக்கிற பட்டைக்காக. பாட்டிலையும் விளக்குச் சிம்னியையும் அதில் சுற்றலாம் என்று 1871-ல்தான் அமெரிக்காவில் ஒருவருக்குத் தோன்றியது. பிள்ளைகள் பட் பட்டென்று உடைத்து விளையாடும் குமிழி உறை, 1957-ல் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகப் பிறந்தது.

நம் நாட்டில் இந்திய பேக்கேஜிங் நிறுவனம் 1966-லிருந்து மும்பையில் இருக்கிறது, சென்னையிலும் ஒரு மையம் உண்டு. நிரப்பிய பெட்டிகளைச் சோதிப்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதியும் உண்டு. ஐஎஸ் 7028 என்று எண். ஏற்றுமதி செய்கிறவர்கள் பெட்டியைச் சோதித்துச் சான்றிதழ் வாங்குவதுண்டு. நம் ஊரில் பஸ்ஸிலும் லாரியிலும் பெட்டி அனுப்புகிற சின்ன ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டு கிலோ மாங்காய்க்குச் சான்றிதழ் தேவையில்லைதான். ஆனால் சோதனை தேவை. அதற்கு ஒரு அளவு டேப்பும், ஒரு சிமென்ட் தரையும், சரக்கில் ஒரு பெட்டியை இழக்கிற மனமும் போதும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

எந்தப் பொருளைக் காப்பாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து இதே சோதனையின் அர்த்தம் மாறிவிடும். ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரமும் பிறக்கிறது, இரும்பு வார்ப்புகளும் பிறக்கின்றன. கடிகாரம் விழுந்தால் கடிகாரத்துக்கு ஆபத்து. வார்ப்பு இரும்பு விழுந்தால் வார்ப்புக்கு ஒன்றும் ஆகாது, அது பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்துப் பெட்டியையும் லோடுமேனின் காலையும் பதம் பார்க்கும். நண்பரின் கம்பெனியில் பேக்கிங்கின் முக்கால்வாசி வேலை, உலகத்தைத் தங்கள் சரக்கிடமிருந்து காப்பாற்றுவது. அமிலம், பெயின்ட் போன்ற ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. விதிகள் தனி. அங்கே உயரத்தை எடை நிர்ணயிப்பதில்லை, ஆபத்து நிர்ணயிக்கிறது. மிக ஆபத்தானதற்கு 1.8 மீட்டர், நடுத்தரத்துக்கு 1.2, குறைந்ததற்கு 0.8. அங்கே முக்கியமான கேள்வி: கசிந்ததா?

மாம்பழத்துக்கு என்ன கேள்வி கேட்பது? இங்கேதான் என் அறிவு முழுவதும் தடுக்கி விழுந்தது. கடிகாரம் என்றால் போட்டவுடன் எடுத்து ஓடுகிறதா பார்க்கலாம். முற்றின காயைப் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தோல் கெட்டி, சதை கெட்டி. உள்ளே சில செல்கள் உடைந்திருக்கும், அவ்வளவுதான். பழுக்கப் பழுக்க உடைந்த இடம் கறுத்து இளகும். விரிசல் இருந்தால் பூஞ்சையும் புகும். தீர்ப்பு நாலைந்து நாள் கழித்து, வேறு ஊரில், வேறு ஒருவர் கத்தியில் வருகிறது. அதற்குள் பார்சல் ஆபீசில் புகார் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும். கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா மாங்காய்க்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை, எப்படியும் பிழியப் போகிறார்கள். முழுப்பழமாக வீட்டுக்குப் போகிற செந்தூராவுக்கும் அல்போன்சாவுக்கும்தான் இந்த வில்லங்கம்.

அதனால் மாங்காய்ப் பெட்டியைச் சோதிப்பவர் போட்டு முடித்ததும் தீர்ப்பு எழுதக்கூடாது. ஒவ்வொரு காயிலும் பேனாவால் எண் எழுதி, பெட்டியில் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து, வைக்கோலில் பழுக்கப் போட்டு, பழுத்ததும் அறுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை பழம் கெட்டால் பெட்டி தோற்றது என்பதையும் போடுவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். போட்ட பிறகு முடிவு செய்தால், 'மூணுதானே, பரவாயில்லை' என்று மனசு இறங்கிவிடும். என் மனசு இறங்கியது, அனுபவித்துச் சொல்கிறேன்.

இன்னொன்று, விழுவதற்கு முன் பெட்டி குலுங்கியிருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 260 கிலோமீட்டர், சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் லாரித் தளம் ஓயாமல் நடுங்கும். இஸ்டா 1ஏ சோதனையிலும் அதிர்வுதான் முதலில் வரும். ஒரு அங்குலம் மேலும் கீழும் ஆடும் மேஜையில் வைத்து 14,200 தடவை குலுக்கிய பிறகே பெட்டியைக் கீழே போடுகிறார்கள். குலுங்கக் குலுங்கக் காய்கள் இறங்கி உட்காரும், மேலே இடைவெளி விழும், காயும் காயும் முட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பெட்டி விழுந்தால் அடி இன்னும் பலமாகப் படும். வீட்டில் குலுக்கும் மேஜைக்கு எங்கே போவது? நான் பெட்டியைச் சொந்தக்காரர் ஒருவரின் மினி டெம்போவில் ஏற்றி, காவேரிப்பட்டினம் வரை போய்வரச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

டிராப் டெஸ்ட் பார்க்காத விஷயங்களும் இருக்கின்றன. தருமபுரி-சேலம் சாலையின் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி பிரேக் போடும்போது அடுக்கு முழுவதும் முன்னால் சாயும். அது கிடைமட்ட அடி, அதற்குச் சாய்தளச் சோதனை தனி. அடுக்கின் அடியில் இருக்கும் பெட்டி மேலே உள்ள எல்லாவற்றையும் மணிக்கணக்கில் சுமக்கும், அதற்கு அமுக்குச் சோதனை தனி. ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையைச் சோதிக்கும் நிலையான சூழல் 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். மழைக்காலத்துச் சென்னைக் குடோனில் ஈரப்பதம் 90-ஐத் தொட்டால் அட்டை தன் தாங்கும் பலத்தில் பாதிக்கு மேல் இழக்கும். காய் வேறு மூச்சு விட்டு உள்ளேயே ஈரம் கூட்டும். காய்ந்த கிருஷ்ணகிரி வெயிலில் பாஸான பெட்டி அங்கே தளர்ந்து உட்கார்ந்துவிடும்.

'உடையும் பொருள், கவனம்' என்று ஒட்டுகிற சீட்டுக்கு எவ்வளவு பலன் என்று நண்பரிடம் கேட்டேன். சீட்டை நம்புவதைவிட எடையை நம்பு என்றார். ஒரு ஆள் ஒற்றைக் கையால் தூக்க முடியாதபடி செய்துவிட்டால், பெட்டி தானாகவே தாழ்ந்த உயரத்துக்கு இறங்கிவிடும். எட்டு கிலோப் பெட்டி இரண்டைப் பட்டை போட்டு ஒன்றாகக் கட்டினால் பதினாறு கிலோ, விழும் உயரம் 76-லிருந்து 61-க்கு வருகிறது. கைப்பிடித் துளை வெட்டினால் பெட்டியை இன்னும் கீழே தொங்கவிட்டுத் தூக்குவார்கள். ஆனால் துளை வெட்டிய இடத்தில் அட்டை பலவீனமாகும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடிகிறது.

சரி, என் பெட்டிக்கு வருகிறேன். போன ஜூனில் ஐந்து பிளை அட்டையில், இரண்டு அடுக்கு, அடுக்குக்குப் பதினாறு காய், ஒவ்வொன்றுக்கும் தனி அறையாக அட்டைத் தடுப்பு. காய்க்குச் சட்டை போல மாட்டும் வெள்ளை ஃபோம் வலை. அடியிலும் மேலேயும் நாலு சென்டிமீட்டர் ஃபோம், பாதி அமுங்கினால் இரண்டு வரும் என்று கணக்கு. மூன்று பழத்துக்கு மேல் கெட்டால் தோல்வி என்று பெட்டி மூடியிலேயே எழுதினேன். டெம்போவில் போய்வந்த பிறகு மாடித் தரையில் பத்துத் தடவை போட்டோம். இரண்டு முனை நசுங்கி, ஒட்டு ஒரு விரல்கடை பிளந்து, பெட்டியைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஐந்தாம் நாள் முப்பத்திரண்டையும் அறுத்தோம். நாலு பழத்தில் கறுப்பு. நாலுமே கீழ் அடுக்கு, நாலுமே 5-ஆம் பக்கத்தை ஒட்டி இருந்தவை. பக்கவாட்டில் ஃபோம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்காவுக்கு அந்த வருஷம் பார்சல் போகவில்லை. மிச்சம் இருபத்தெட்டையும் நாங்களே தின்றோம்.